பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து தடிகள்

முப்பது வயதான பென்ஸ் டபிள்யூ124 வாங்கலாமா, அதே காலத்து பிஎம்டபிள்யூ ஈ34 வாங்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் பின்சக்கரத்தால் ஓடும் ஜெர்மன் சொகுசு கார்கள். விற்பவர்கள் முன்னதை ‘அழிவில்லாத பென்ஸ்’ என்பார்கள், பின்னதை ‘ஓட்டத் தெரிந்தவருக்கான கார்’ என்பார்கள். இந்தப் பட்டங்களை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். டிக்கிக்குக் கீழே குனிந்து பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஈ34-ல் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் அகலமான ஓர் ஆர்ம் தாங்குகிறது. கீல் கோணலாக அடித்த கதவு போன்றது அது. அந்தக் கதவைத் திறக்கத் திறக்கப் பலகை சாயும், விளிம்பும் ஏறி இறங்கும். விளிம்பில் சக்கரத்தை மாட்டிவிட்டால், பள்ளத்தில் கதவு ஆடும்போதெல்லாம் சக்கரமும் சாயும், திசையும் சற்று மாறும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், சக்கரங்கள் வெளியே பார்க்கத் தொடங்கும், வால் வழுக்கும். பிஎம்டபிள்யூ பழைய மாடல்களைவிடக் கோணத்தைக் குறைத்து இதை நன்றாகவே அடக்கியது. ஆனாலும் கீல் கீல்தான்.

பென்ஸ் அந்தக் கீலையே கழற்றிவிட்டது. எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். கதவை ஐந்து தடிகளால் நிலையோடு பிணைத்தால் ஐந்து அசைவுகள் போய்விடும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைத் தடிகளின் நீளத்தாலும் சாய்வாலும் தச்சனே வரைந்துகொள்ளலாம்! சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் சாலையை நேராகப் பார்க்க வைக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மூட்டுகளிலுள்ள ரப்பர் நெகிழும் அல்லவா? அந்த நெகிழ்வே சக்கரத்தை லேசாக உள்நோக்கித் திருப்பும்படியும் தடிகளை அடுக்கலாம். ரப்பரின் பலவீனத்தையே வேலைக்கு வைத்துக்கொண்ட இந்த யோசனை எனக்கு அலுக்கவே இல்லை.

வரலாறு இவ்வளவு போதும். 1982-ல் பென்ஸ் 190 மாடலில் இந்த ஐந்து தடி அமைப்பு வந்தது. 1984 முடிவில் டபிள்யூ124-க்குப் போனது. ஈ34 வந்தது 1988-ல். 1995-ல் அதன் வாரிசான ஈ39 கோணல் கீலைக் கைவிட்டுப் பல தடிகளுக்கு மாறியது. அதே ஆண்டு புனேயில் டபிள்யூ124 தயாராகத் தொடங்கியதால் அது நம் ஊர்ச் சாலைகளுக்கும் பழக்கமானது.

பின் அச்சை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு பென்ஸுக்கு. ஆனால் பக்கத்துக்கு ஐந்து தடி, தடிக்கு இரண்டு மூட்டு; மூட்டிலுள்ள ரப்பர் புஷ் இறுகிப்போனால் தச்சன் வரைந்த பாதையும் போச்சு. புஷ் மாற்றிய ஈ34, மாற்றாத டபிள்யூ124-ஐவிட ஒழுங்காக ஓடும். பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புஷ்கள் மாற்றிய பில்லைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.