வீட்டுப் பரப்பளவுப் பிணக்கு (இந்தியா)

வீட்டுப் பரப்பளவுப் பிணக்கு என்பது, வீடு அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை விற்கும்போது கூறப்பட்ட சதுர அடிக் கணக்குக்கும் அதன் உண்மையான பரப்பளவுக்கும் இடையிலான வேறுபாட்டால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே எழும் தகராறு ஆகும். இந்தியாவில் அடுக்குமாடி வீடுகளின் விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கிலேயே பேசப்படுகிறது. சதுர அடி 6,000 ரூபாய் எனில், 50 சதுர அடி குறைந்தால் 3 இலட்சம் ரூபாய் கூடுதலாகச் செலுத்தப்பட்டதாகும். இத்தகைய பிணக்குகள் பல, அளப்பதில் நேரும் பிழையால் அன்றி, எந்தப் பரப்பு அளக்கப்பட்டது என்பதில் உள்ள தெளிவின்மையால் தோன்றுகின்றன.

பரப்பளவு வகைகள்

கார்பெட் ஏரியா: வீட்டின் உள்ளே பயன்படுத்தத்தக்க தரைப் பரப்பு.

பில்ட்-அப் ஏரியா: கார்பெட் ஏரியாவுடன் சுவர்களின் தடிமனும், பொதுவாக பால்கனியும் சேர்ந்த பரப்பு.

சூப்பர் பில்ட்-அப் ஏரியா: மேற்கூறியதுடன் படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி முதலிய பொது இடங்களில் ஒரு பங்கையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. எவற்றைச் சேர்ப்பது என்பது கட்டுநருக்குக் கட்டுநர் வேறுபட்டது.

எடுத்துக்காட்டாக, சூப்பர் பில்ட்-அப் கணக்கில் 1,200 சதுர அடி உள்ள வீடு ஒன்று, சதுர அடி 6,000 ரூபாய் வீதம் 72 இலட்சம் ரூபாய் ஆகும். அதன் கார்பெட் ஏரியா 800 சதுர அடி எனில், உண்மையில் ஒரு சதுர அடிக்கு 9,000 ரூபாய் ஆகிறது. மற்றொரு வீடு 1,100 சதுர அடி, விலை சதுர அடி 6,300 ரூபாய், கார்பெட் ஏரியா 825 சதுர அடி எனக் கொண்டால், மொத்த விலை 69.3 இலட்சம் ரூபாய். கார்பெட் கணக்கில் சதுர அடி 8,400 ரூபாயே. விலை கூடியதாகத் தோன்றும் வீடே இங்கு மலிவானது.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016, கார்பெட் ஏரியாவுக்குச் சட்ட வரையறை அளித்தது. இச்சட்டம் மே 1, 2017 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. வெளிச்சுவர்கள், குழாய் முதலியவற்றுக்கான செங்குத்து வழிகள், வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியன இவ்வரையறையில் அடங்கா. உட்பிரிவுச் சுவர்கள் அடங்கும். இந்தியத் தரநிலை 3861இன் வரையறையிலோ சுவர்களின் பரப்பு சேர்க்கப்படுவதில்லை. ஆகவே, ஒரே பெயரால் குறிக்கப்படும் அளவும் அடிப்படைக்கேற்ப மாறக்கூடும்.

இச்சட்டத்தின்படி பதிவு செய்யப்படும் திட்டங்களில், விற்பனைக்குரிய வீடுகளின் கார்பெட் ஏரியாவைக் கட்டுநர் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டப்பட்ட பொய்யான தகவலை நம்பிப் பணம் செலுத்தி இழப்புற்றவர் இழப்பீடு கோரலாம். விலக விரும்பினால் செலுத்திய தொகையை வட்டியுடன் திரும்பப் பெறலாம். மகாராட்டிர மாநில விதிகளில் உள்ள மாதிரி ஒப்பந்தம், இறுதிப் பரப்பில் 3 விழுக்காடு வரையிலான ஏற்றத்தாழ்வையே அனுமதிக்கிறது. அதற்குள் பரப்பு குறைந்தாலும், மிகுதித் தொகையை 45 நாட்களுக்குள் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும்.

மறுவிற்பனையும் தனி வீடுகளும்

ஒருவர் தாம் குடியிருந்த வீட்டை மற்றொருவருக்கு விற்பதற்கு மேற்கண்ட பாதுகாப்புகள் பொதுவாகப் பொருந்தா. சொத்து மாற்றச் சட்டம், 1882இன் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத, தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அளந்து பார்த்தால் தெரியக்கூடிய குறையை இவ்வகையில் சேர்ப்பது கடினம். எனவே, கிரையத்துக்கு முன்னரே அளப்பது இன்றியமையாதது.

தனி வீடுகளில் மனையின் அளவே பெரும்பாலும் பிணக்குக்கு உள்ளாகிறது. தமிழ்நாட்டில் 1 கிரவுண்டு 2,400 சதுர அடியும், 1 சென்ட் 435.6 சதுர அடியும் ஆகும். பத்திரத்தில் உள்ள பரப்பளவும் நான்கெல்லைகளும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளுக்கே முதன்மை அளிக்கின்றன. ஆகவே, 2,400 சதுர அடி என்று எழுதப்பட்டிருந்தாலும், எல்லைகளுக்குள் 2,300 சதுர அடியே இருந்தால், அண்டை மனையிலிருந்து எஞ்சியதைக் கோர இயலாமல் போகலாம்.

சரிபார்த்தல்

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துடன் ஒப்பிட்டு, பூச்சு முடிந்த சுவர்களுக்கு இடையே அறைதோறும் அளப்பது வழக்கம். மனைக்குப் பட்டா, மூலப் பத்திரம், நில அளவை வரைபடம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். அடுக்குமாடி வீடாயின், யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு பத்திரத்தில் எவ்வளவு என்பதையும் காண வேண்டும். கட்டடம் இடிக்கப்படும் காலத்தில் உரிமையாளருக்கு எஞ்சுவது அந்தப் பங்கே. ஒப்பந்தத்தில் வெறும் சதுர அடி எண்ணை மட்டும் எழுதாமல், அது எவ்வகைப் பரப்பு என்பதையும், குறைந்தால் விலை எவ்வாறு குறைக்கப்படும் என்பதையும் குறிப்பிடுவது பிணக்கைத் தவிர்க்க உதவும்.