காலிக் கட்டத்தில் யார்?

வேதியியல் தேர்வு வந்தால் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கிவிடும்: "லித்தியம், சோடியம், பொட்டாசியம்..." தம்பி தங்கைகளே, தனிம வரிசை அட்டவணை மனப்பாடம் செய்வதற்காகப் பிறந்ததில்லை. பாடத்தைப் புரியவைக்கப் பிறந்தது.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மெண்டலீவ், மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று தெரிந்த தனிமங்கள் 63. எதற்குப் பின் எதைச் சொல்வது? இந்தத் தவிப்பில்தான் 1869இல் அட்டவணை உருவானது. அணு நிறைப்படி அடுக்கினார். குணம் ஒத்தவற்றை ஒரு குடும்பமாக வைத்தார். பொருத்தமான தனிமம் கிடைக்காத இடத்தில் எதையும் திணிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டார்.

அலுமினியத்துக்குக் கீழே அப்படி ஒரு கட்டம். அங்கே வரவேண்டிய தனிமத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். 'ஏக' வடமொழிச் சொல். அலுமினியத்திலிருந்து ஓரிடம் தள்ளி என்று கணக்கு. சுற்றியிருந்த தனிமங்களை வைத்தே அதன் அணு நிறை சுமார் 68, அடர்த்தி 5.9 என்று சொன்னார்.

1875இல் பிரான்சின் லெகோக் த புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் கேலியம், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும் உலோகம்! ஆனால் அவர் அளந்த அடர்த்தி 4.7. தூய்மைப்படுத்தி மறுபடி அளக்கச் சொன்னார் மெண்டலீவ். புவாபோத்ரான் அளந்தார். 5.9 வந்தது! உலோகத்தைக் கையில் வைத்திருந்தவரைவிட, தாளில் காலிக் கட்டம் வைத்திருந்தவர் சரியாகச் சொல்லியிருந்தார். எனக்கு அறிவியலில் மிகவும் பிடித்த கதை இது.

இந்த வித்தை உங்களுக்கும் கைவரும். புரோமினின் அணு நிறை மறந்துவிட்டதா? மேலே குளோரின், 35.5. கீழே அயோடின், 127. கூட்டி இரண்டால் வகுத்தால் 81.25. உண்மையான மதிப்பு 79.9. இதுதான் வேதியியலாளர் டாபர்னீரின் மும்மை விதி. எல்லாத் தனிமங்களுக்கும் இது பொருந்தாது; அதனால்தான் மெண்டலீவின் அட்டவணை தேவைப்பட்டது.

இன்று மாலை ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பொட்டாசியத்துக்குக் கீழே இருப்பது ரூபிடியம். வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்? குளோரினோடு எந்த விகிதத்தில் சேரும்? தண்ணீரில் போட்டால் பொட்டாசியத்தைவிட வேகமா, மெதுவா? பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மட்டும் பார்த்து விடை எழுதுங்கள். அதன்பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள்.