வெள்ளை இலைகளும் கறுத்த வானமும்

நடுப்பகல் வெயிலில் எடுத்த படம் அது. ஆனால் மரங்கள் பனி மூடியவை போல வெளுத்துத் தெரிகின்றன. வானமோ அந்திக்குப் பின் இருப்பது போலக் கறுத்திருக்கிறது. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வுட் இத்தகைய படங்களை வெளியிட்டபோது பார்த்தவர்கள் வியந்தார்கள். அவர் பயன்படுத்தியது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. இன்று டிஜிட்டல் காமிரா கொண்டு நீங்களும் அப்படி ஒரு படம் எடுக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைத்தான் காணும். காமிராவிலுள்ள சிலிக்கான் தகடோ 1,100 நானோமீட்டர் வரைகூட உணரக்கூடியது. அப்படியானால் சாதாரணப் படங்களில் அகச்சிவப்பு ஏன் தெரிவதில்லை? வண்ணங்கள் கெட்டுவிடாதிருக்க, அதைத் தடுக்கும் ஒரு வடிகட்டியைத் தகட்டின் முன்னே பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தடுப்பு முழுமையானதன்று. சிறிது ஒளி கசியும். டி.வி. ரிமோட்டைக் காமிராவின் முன் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் அதன் நுனி மினுங்கினால் உங்கள் காமிரா அகச்சிவப்பை ஓரளவு காண்கிறது என்று பொருள். கைப்பேசியானால் முன்பக்கக் காமிராவிலும் சோதித்துப் பாருங்கள்.

இலை ஏன் வெளுக்கிறது? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக் கொள்கிறது. அகச்சிவப்பை அது தொடுவதில்லை. உள்ளே சென்ற அகச்சிவப்பு ஒளி, இலையின் செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் இடையில் மோதி மோதிச் சிதறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளியே திரும்பி வந்துவிடும். வானத்தின் கதை வேறு. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். 400 நானோமீட்டர் ஒளி சிதறுவதில் பதினாறில் ஒரு பங்குதான் 800 நானோமீட்டர் ஒளி சிதறும். ஆகவே தெளிந்த வானம் கறுப்பாகிறது. மேகத்திலுள்ள நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா அலைகளையும் சிதறடிப்பதால் மேகம் வெள்ளையாகவே நிற்கிறது. (உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் காமிராவோடு இதைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். அது காண்பது இதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான அலைநீளமுள்ள கதிர்களை.)

இனி வடிகட்டி. கடைகளில் 590, 720, 850 என்று எண்ணிட்டு விற்பார்கள். அந்த அலைநீளத்துக்குக் கீழுள்ள ஒளியைப் பெரும்பாலும் தடுத்து, மேலுள்ளதை விடுவது அவற்றின் வேலை. காமிராவைப் பிரிக்காமல் பயன்படுத்துவோருக்கு 720-தான் ஏற்றது. 590 போட்டால் ஆரஞ்சும் சிவப்பும் தாராளமாக உள்ளே புகுந்து, கசியும் அகச்சிவப்பை மூழ்கடித்துவிடும். 850 போட்டால் காமிராவின் உள்தடுப்பு அநேகமாக ஒன்றையும் விடாது. உள்தடுப்பை நீக்கிய காமிராவில் மட்டுமே இவ்விரண்டும் சிறக்கும்: 590-இல் பொன்னிற இலைகள், 850-இல் தூய கறுப்பு-வெள்ளை. அதற்காகக் காமிராவை நீங்களே திறக்க முனையாதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கி, பாட்டரியை எடுத்த பின்னும் கடுமையான அதிர்ச்சி தரும்.

இன்னொரு எச்சரிக்கை, இதைவிட முக்கியமானது. இந்த வடிகட்டி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு அது கறுப்புக் கண்ணாடி. இருட்டு என்று எண்ணிக் கண்மணி விரியும். அகச்சிவப்போ தடையின்றி உள்ளே போய் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலி உணர்வு இல்லாததால் சுடுவதும் தெரியாது.

படமெடுக்கும்போது காமிராவை முக்காலியில் நிறுத்துங்கள். நல்ல வெயிலிலும் பல நொடிகள் ஒளி விழ வேண்டியிருக்கும். காற்றில் ஆடும் கிளை மங்கலாகிவிடும் என்பதால் காற்றில்லாத வேளையே நல்லது. அகச்சிவப்பு ஒளி லென்ஸில் சற்றுக் குறைவாகவே வளைவதால் குவியும் இடமும் மாறும். துளையைச் சிறிதாக்கினால் இக்குறை பெரும்பாலும் மறையும். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று விழும். அதற்கு லென்ஸை மாற்றுவதே வழி.

எடுத்த படம் முழுதும் சிவப்பாக இருக்கும். ஏமாற்றமடைய வேண்டாம். சிலிக்கான் தகட்டின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களில், 720-ஐ ஒட்டிய ஒளியைச் சிவப்புக் கட்டமே மிகுதியாக விடுகிறது. கணினியில், வெயில் பட்ட இலையை 'வெள்ளை' என்று குறித்து வண்ணச் சமநிலையைத் திருத்துங்கள். இதற்கு 'ரா' கோப்பாகப் பதிந்திருந்தால் நல்லது. 'ஜேபெக்' கோப்பில் இவ்வளவு பெரிய திருத்தத்துக்கு இடமிராது. இப்போது இலை வெளுக்கும், வானம் செம்பழுப்பாகும். பிறகு சிவப்பு வண்ணத்தையும் நீல வண்ணத்தையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் வானம் நீலமாகிவிடும். அந்த நீலம் கணினி செய்த வேடிக்கை. வெளுத்த இலையோ தாவரத்தின் உண்மையான இயல்பு. பசுமையான இலை ஒன்றையும் வாடிய இலை ஒன்றையும், பச்சைத் துணித் துண்டு ஒன்றையும் அருகருகே வைத்து ஒரே படமாக எடுத்துப் பாருங்கள்.