சிக்னல் இல்லையா? பதற வேண்டாம்... அலட்சியமும் வேண்டாம்!

போனில் சிக்னல் போய்விட்டால் வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும்? போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவோம். ‘டவர் பிரச்னையா இருக்கும், காலையில வந்துடும்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவோம். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையும்கூட.

ஆனால், இன்று மொபைல் எண் பேசுவதற்கு மட்டுமானது அல்ல. வங்கிக் கணக்கு, யு.பி.ஐ, ஆதார், வாட்ஸ்அப் என எல்லாவற்றுக்குமான ஓ.டி.பி அந்த ஒரே எண்ணுக்குத்தான் வருகிறது. அதனால் சிக்னல் போவது சில நேரம் சாதாரண கோளாறு, சில நேரம் எச்சரிக்கை மணி. இரண்டில் எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் பத்து நிமிடங்கள்

முதல் வேலை, பக்கத்தில் இருப்பவரின் போனைப் பார்ப்பது. அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் இன்னொருவருக்கும் சிக்னல் இல்லை என்றால், பிரச்னை டவரில்தான். மின்சாரம் நீண்ட நேரம் இல்லாவிட்டால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் போன்கள் ஊமையானதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது போனை நோண்டிப் பயனில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு சிக்னல் இருந்து, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

* ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, அரை நிமிடம் கழித்து ஆஃப் செய்யுங்கள். போன் புதிதாக டவரைத் தேடிப் பிடிக்கும்.
* சரியாகவில்லையா? ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
* ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களின் போனில் பல நேரம் இதுதான் காரணம்.
* சிம்மைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மறுபடி போடுங்கள்.
* அதே சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் போனில். அங்கேயும் செய்யவில்லை என்றால் கோளாறு சிம்மில்.

சிக்னல் இருந்தும் நெட் மட்டும் அடிக்கடி அறுந்தால், நெட்வொர்க் செட்டிங்கில் 5ஜி-க்குப் பதிலாக 4ஜி-யைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 5ஜி பலவீனமாக உள்ள இடங்களில் போன் இரண்டுக்கும் நடுவே அல்லாடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கடைசி வழி, ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’. இதில் போட்டோக்களும் ஆப்களும் அழியாது. ஆனால், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும். பாஸ்வேர்டைக் குறித்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எந்த போனிலும் உங்கள் சிம் வேலை செய்யவில்லையா?

இங்கேதான் உஷாராக வேண்டும். சிம் பழுதாகியிருக்கலாம். அல்லது, உங்கள் பெயரில் வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். புது சிம் உயிர்பெற்ற அடுத்த நொடி பழைய சிம் செத்துவிடும். இதைத்தான் ‘சிம் ஸ்வாப்’ மோசடி என்கிறார்கள். இ-சிம்மிலும் இது நடக்கிறது. கஸ்டமர் கேர் போல நடித்து, ஒரு லிங்க்கை அழுத்தவைத்து, உங்கள் எண்ணைத் தங்கள் போனுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

‘உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது’ என்று நீங்கள் கேட்காமலேயே முன்பு ஒரு எஸ்.எம்.எஸ் வந்ததா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். வீட்டில் உள்ள மற்றொரு போனில் இருந்து உடனே உங்கள் மொபைல் நிறுவனத்தை அழைத்து, ‘என் எண்ணுக்குப் புது சிம் கொடுத்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், அந்த சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. நெட் பேங்கிங், யு.பி.ஐ, கார்டு மூன்றையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

சிம் மாற்றப்பட்டால், முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்.எம்.எஸ் வரவும் போகவும் தடை உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாடு இது. ஏமாற்றுபவர் உடனே ஓ.டி.பி-யைப் பெறக் கூடாது என்பதற்காகவே இந்த அவகாசம். ‘காலையில பாத்துக்கலாம்’ என்று தூங்கிவிட்டால், இந்த 24 மணி நேரத்தில் பாதி போய்விடும். மேலும், தடை எஸ்.எம்.எஸ்-க்கு மட்டும்தான். அழைப்பில் சொல்லப்படும் ஓ.டி.பி-க்கு இது பொருந்தாது.

சிக்னல் ஃபுல்... கால் மட்டும் வரவில்லை!

‘உங்கள் பார்சல் நிற்கிறது’, ‘உங்கள் சிம் முடக்கப்படும்’ என்று யாராவது பேசி, *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னார்களா? அழுத்தியிருந்தால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்ற இது ஒரு குறுக்குவழி. இந்த மோசடி பெருகியதால்தான், இப்படி எண் அழுத்திக் கால் ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்க தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் *#21# அழுத்தி நிலையைப் பாருங்கள். ##002# அழுத்தினால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

வைஃபை கனெக்ட் ஆகிறது, நெட் வரவில்லை!

ரவுட்டரை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்வதுதான் முதல் மருந்து. அதற்கும் மசியவில்லை என்றால், போனில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால், ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று சொல்லிப் பல இணையதளங்கள் திறக்காது. தேதியை ‘ஆட்டோமேட்டிக்’ முறையில் வைத்தால் போதும். வி.பி.என் ஆப் ஏதாவது ஓடினால் அதை நிறுத்துங்கள். ‘பிரைவேட் டி.என்.எஸ்’ பகுதியில் யாராவது எதையாவது மாற்றியிருந்தால், அதையும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடலாமா?

‘அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்’ என்பது பல வீடுகளில் வேதவாக்கு. அப்டேட் முடிந்த ஓரிரு நாள் போன் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் உண்மைதான். உள்ளே ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் வேலை நடப்பதே காரணம். பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2015-ல் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நீங்கள் எதையும் தொடாமலேயே, ஒரு எம்.எம்.எஸ் மூலம் போனுக்குள் நுழைய அது வழிவிட்டது. அதன் பிறகே, 2015 ஆகஸ்ட் முதல், மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கையும் திருத்தங்களும் வெளியிடும் வழக்கத்தை கூகுள் தொடங்கியது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு மாதமும் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அப்டேட் செய்யாத போனில் அந்த ஓட்டை அப்படியே திறந்திருக்கும்.

செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கும் பழையது, புது அப்டேட்டும் வரவில்லை என்றால், நிறுவனம் உங்கள் மாடலைக் கைவிட்டிருக்கக்கூடும். பாட்டு கேட்க, படம் பார்க்க அது போதும். வங்கி ஆப்பை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள். புது போன் வாங்கும்போதும், ‘எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள்?’ என்று கடையில் கேளுங்கள். பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ் 24 போன்ற விலை உயர்ந்த மாடல்களுக்கு 7 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். குறைந்த விலை மாடல்களில் பெரும்பாலும் இது குறைவு.

அப்டேட்டுக்கு முன்பு பேக்கப் எடுங்கள். பாதிக்கு மேல் சார்ஜ், சில ஜி.பி காலி இடம், நல்ல வைஃபை... இவை இருந்தால் பாதியில் நிற்காது. போன் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். வாட்ஸ்அப்பிலோ, இணையதள விளம்பரத்திலோ ‘உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று வந்தால், அது அப்டேட் அல்ல, வலை.

கல்யாணப் பத்திரிகை வடிவில் வரும் களவாணி

தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வரும். அல்லது, ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று ஒரு செலான் வரும். கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே’ என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகையும் இல்லை, செலானும் இல்லை, ஒரு ஆப். உங்கள் எஸ்.எம்.எஸ்-களைப் படித்து, ஓ.டி.பி-யை வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை.

தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டால், முதலில் ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, வைஃபையும் ஆஃபாகிவிட்டதா என்று பாருங்கள். நெட் இல்லாமல் அதனால் எதையும் வெளியே அனுப்ப முடியாது. வேறு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு போனை ‘சேஃப் மோடில்’ திறந்து அந்த ஆப்பை நீக்குங்கள். நீங்கவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட்தான். ஆனால், வந்த மெசேஜ், அனுப்பிய எண், ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் அதற்கு முன்பே இன்னொரு போனில் படம் எடுத்துவிடுங்கள். ரீசெட் செய்தால் புகாருக்கான ஆதாரமும் அழிந்துவிடும்.

பணம் போய்விட்டால்...

1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவுப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வெளியாள் செய்தது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் புகார் செய்தவருக்கு நஷ்டத்தில் பங்கில்லை. ஓ.டி.பி-யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் கணக்கில். அதன் பிறகு போனால் பொறுப்பு வங்கியுடையது. ‘வெளிய தெரிஞ்சா அசிங்கம்’ என்று தயங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கிறது.

இன்றே செய்துவிடுங்கள்!

* வங்கி, மொபைல் நிறுவனம் இரண்டின் கஸ்டமர் கேர் எண்களையும் பாஸ்புக், கார்டு, அதிகாரபூர்வ ஆப்பில் பார்த்து, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். அவசரத்தில் இணையத்தில் தேடினால் போலி எண்ணில் மாட்டிக்கொள்வீர்கள்.
* *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். போன் தொலைந்தால் ‘சஞ்சார் சாத்தி’ மூலம் அதை முடக்க இந்த எண் தேவைப்படும். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்றும் அங்கேயே பார்க்கலாம்.
* வாட்ஸ்அப்பில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ ஆன் செய்து, ஆறு இலக்க எண் வையுங்கள்.
* சிம்முக்கு பின் நம்பர் போடுங்கள். போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி பார்க்க முடியாது. கம்பெனி கொடுத்த பழைய பின் எது என்று முதலில் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு ‘பி.யு.கே’ எண் கேட்கும்.

இதையெல்லாம் உங்கள் போனில் முடித்ததும், அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியின் போன்களையும் வாங்கிச் செய்துகொடுங்கள். கூடவே ஒன்றையும் சொல்லிவையுங்கள்: “போன்ல எது புரியலைன்னாலும் முதல்ல எனக்குக் கூப்பிடுங்க, திட்ட மாட்டேன்!”