முகத்துக்கு எத்தனை புள்ளி?

“அண்ணே, ஆளு நல்லாத் தெரியுறான். யாருன்னுதான் தெரியல!”

பக்கத்து வீட்டுத் தம்பி கைபேசியை நீட்டினார். நள்ளிரவில் ஒருவன் அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறான். தேதியும் நேரமும் பளிச்சென்று இருக்கின்றன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாவு அப்பியது போல ஒரு வெளுப்பு. “ஃபுல் எச்.டி.தானே போட்டேன்?” என்றார் பாவம்.

மறுநாள் டேப்போடு தெருவில் இறங்கினோம். பைக் நின்ற இடம் கேமராவிலிருந்து 10 மீட்டர். அந்தத் தூரத்தில் படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அளந்தால் 24 மீட்டர். மூன்று வீட்டு வாசல் அதற்குள் அடங்கிவிட்டது. ஃபுல் எச்.டி. படத்தின் அகலம் 1920 புள்ளிகள். 24 ஆல் வகுத்தால் மீட்டருக்கு 80. முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ. என்று வைத்தால், திருடன் முகத்துக்குக் கிடைத்தது 13 புள்ளி. அதை வைத்து வாசலில் கோலம் போடலாம். ஆளைப் பிடிக்க முடியாது.

இதற்கு ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அதன் 2014 பதிப்பின்படி, யாரோ நடமாடுகிறார்கள் என்று அறிய மீட்டருக்கு 25 புள்ளி போதும். தெரிந்த ஆளென்றால் இன்னார் என்று சொல்ல 125. முன்பின் பார்த்திராத ஒருவரைச் சந்தேகமின்றி அடையாளம் காட்ட 250. அதாவது முகத்துக்கு 40 புள்ளி. கடைகளில் மெகாபிக்சலைச் சொல்வார்கள், இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டதில்லை.

“அப்போ 8 மெகாபிக்சல் வாங்கிடட்டுமா?” வாங்கலாம். ஆனால் புள்ளிகள் நாலு மடங்கானாலும் அகலவாக்கில் இரண்டு மடங்குதான்: 3840. அதே 24 மீட்டருக்குப் பங்கு போட்டால் 160. இன்னும் 250 வரவில்லை. தம்பியின் கேமராவில் இருந்தது 2.8 மி.மீ. லென்ஸ், ஊரையே வளைத்துக் காட்டுவது. அதே ஃபுல் எச்.டி.யில் 8 மி.மீ. லென்ஸ் போட்டால் 10 மீட்டரில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலம்தான் தெரியும். மீட்டருக்கு 270 புள்ளிக்கு மேல் கிடைக்கும். தெரு முழுவதையும் பார்க்க ஒன்று, கேட்டை மட்டும் பார்க்க ஒன்று என்று இரண்டு சாதாரண கேமராக்கள் வைப்பதே என் கட்சி.

இதெல்லாம் பகல் கணக்கு. இரவில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் விநாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், நடந்து போகிறவர் அதற்குள் ஐந்தரை செ.மீ. நகர்ந்துவிடுவார், 36 கி.மீ. வேகத்தில் போகும் பைக் 40 செ.மீ.! எத்தனை புள்ளி இருந்தாலும் இழுவல்தான். வாசலில் ஒரு நல்ல விளக்கு போடுங்கள். கேமராவுக்குக் கொடுப்பதைவிடச் செலவு குறைவு.

இன்னொன்று, பதிவுப் பெட்டியான டி.வி.ஆர். அமைப்பில் ‘1080என்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதில் பதிவாவது 960 புள்ளி அகலம்தான். கேமரா எடுத்ததில் பாதியைப் பெட்டி விழுங்கிவிடும்.

பணம் கொடுக்குமுன், பொருத்த வந்தவரையே இரவு எட்டு மணிக்குக் கேட் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். போனில் ஓடும் நேரலையைப் பார்க்காதீர்கள். பதிவை பென் டிரைவில் எடுத்து, நிறுத்திப் பாருங்கள். தம்பி அப்படிப் பார்த்துவிட்டுத்தான் புது கேமராவுக்குப் பணம் கொடுத்தார். பைக் இன்னும் கிடைக்கவில்லை.

(அடுத்த வாரம்: ஹார்டு டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்?)