தாழியில் முதிரும் ஒயின்: ககேத்திப் பள்ளத்தாக்கும் அதன் வளரும் தொழிலும்

ஜார்ஜியா நாட்டின் கிழக்கே, பெருங்காகசஸ் மலைத்தொடருக்கும் கொம்போரி மலைகளுக்கும் நடுவே அலசானி ஆறு பாயும் ககேத்திப் பகுதியில்தான் அந்நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி உள்ளது. தலைநகர் திபிலீசியிலிருந்து மலைப்பாதை வழியே தெலாவி நகரை அடைவோரும், குன்றின்மீது மதில் சூழ்ந்து நிற்கும் சிக்நாகியிலிருந்து பள்ளத்தாக்கை நோக்குவோரும் பனிமலைகளை நோக்கி நீளும் கொடி வரிசைகளைக் கண்டு மகிழ்வர். ஆனால் ககேத்தியைப் பிற ஒயின் நாடுகளிலிருந்து வேறுபடுத்துவது நிலத்தடியில் புதைக்கப்பட்டுள்ள க்வெவ்ரி எனும் அடி கூம்பிய பெருந்தாழியே.

குயவர் களிமண் திரியை வளையம் வளையமாக ஏற்றி, ஓர் அடுக்கு சற்று இறுகிய பின்னரே அடுத்ததை வைப்பதால், பெரிய தாழியொன்று உருப்பெறப் பல வாரங்கள் ஆகின்றன. சூளையில் சுட்டபின், சூடு முற்றும் ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, மரானி எனப்படும் ஒயின் கூடத்தின் தரையில் வாய்மட்டும் தெரியும்படி அதைப் புதைக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் நடைபெறும் ர்த்வேலி என்ற அறுவடையின்போது, பிழிந்த சாறு தோலோடும் கொட்டையோடும், சில வேளைகளில் காம்போடும், தாழிக்குள் ஊற்றப்படுகிறது. நொதிக்கையில் மேலெழும் தோலை நாள்தோறும் பலமுறை கோலால் அமுக்கிவிட்டு, நொதிப்பு அடங்கியதும் வாயை மூடிக் களிமண்ணால் பூசிவிடுவர். கொட்டைகள் கூம்பிய அடிக்குச் சென்று தங்க, தோலும் மண்டியும் அவற்றின்மேல் படிந்துவிடுவதால், கொட்டையின் கசப்பு ஒயினில் மிகுதியாக இறங்குவதில்லை. வசந்த காலத்தில் திறக்கும்போது, ர்காத்சிதேலி போன்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின்கூட அடர்தேன் நிறமும் தேநீரை ஒத்த துவர்ப்பும் பெற்றிருக்கும்.

திபிலீசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட பானையோடுகளில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயினின் வேதித்தடயங்கள் இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தனை நீண்ட மரபு சோவியத் ஆட்சியில் நலிவுற்றது. தரத்தைவிட அளவே முதன்மை பெற்ற அக்காலத் தொழிற்சாலைகள், நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட திராட்சை வகைகளில் மிகச் சிலவற்றையே நாடின. ஏற்றுமதியில் பெரும்பகுதியை வாங்கிவந்த ரஷ்யா 2006இல் ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தபோது தொழில் நிலைகுலைந்தாலும், ஐரோப்பா, ஆசியச் சந்தைகளைத் தேடவேண்டிய அந்த நெருக்கடியே தயாரிப்பாளர்களைத் தரத்தின் பக்கம் திருப்பியது. க்வெவ்ரி முறையை 2013இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அதே ஆண்டில் தடையும் நீங்கியது. ரஷ்யா மீண்டும் முதன்மை வாடிக்கையாளராகிவிட்டது கவலைக்குரியதே, ஏனெனில் அரசியல் பிணக்கு ஒன்று போதும், பழைய நிலை திரும்புவதற்கு.

இன்று ஏற்றுமதியாகும் ஒயினில் பெரும்பங்கு எஃகுத் தொட்டிகளில் உருவாவது; தாழி ஒயின் சிறுபங்கே. எனவே பெரிய ஆலைகளின் சுவைக்கூடங்களோடு பயணத்தை முடித்துக்கொள்வது பெரும் இழப்பாகும். பேராலயத்தை ஒட்டித் துறவியரே ஒயின் வடிக்கும் அலவெர்தி மடாலயத்தையும், வீட்டு மரானிகளையும், தெலாவிக்கு அருகே தாழி வனையும் வர்திசுபானி ஊரையும் காணவேண்டும். அளவும் கனமும் மிக்க இத்தாழிகளை வெடிப்பின்றிச் சுட்டெடுக்கும் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. அதை அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்பதால், தாழி ஒயின் எவ்வளவு பெருகும் என்பது கொடிகளின் விளைச்சலைவிட அக்குயவர்களின் சூளைகளையே பொறுத்திருக்கிறது.