கட்டுமுன் கட்டிப் பார்த்தல்

ஒரு பெரிய கட்டடம் எழும்போது நம் கண்ணுக்குத் தெரிவன கல்லும் சிமெண்டும் இரும்புக் கம்பியுமே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் காகிதத்தின்மேல் ஒரு கட்டடம் எழுந்துவிடுகிறது. கட்டடக் கலைஞர் ஒரு வரைபடம் தருகிறார். தூணும் உத்தரமும் தாங்கவேண்டிய பளுவைக் கணக்கிடும் பொறியியலார் மற்றொன்று தருகிறார். நீர்க்குழாய்க்கும் மின்கம்பிக்கும் தனித்தனிப் படங்கள் உண்டு. இவற்றுள் ஒன்று திருத்தப்பட்டு, மற்றவை திருத்தப்படாது நின்றால் என்னாகும்?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு இது எளிதில் விளங்கும். மூலத்திலே ஒரு விதி மாறிப் பெயர்ப்பிலே பழைய விதியே நிற்குமாயின், ஒரு சட்டம் இரண்டு சட்டங்களாகிவிடும். காகிதத்தில் அது குழப்பம். கட்டடத்தில் அதுவே உயிர்ச்சேதம்.

அமெரிக்காவிலே கான்சஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில், 1981 ஜூலை 17 அன்று, ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இற்று வீழ்ந்தன; 114 பேர் மாண்டனர். கூரையிலிருந்து இறங்கும் நீண்ட கம்பிகளே இரு பாலங்களையும் தாங்கவேண்டும் என்பது முதல் திட்டம். வேலையின் வசதி கருதி ஒவ்வொரு கம்பியும் இரண்டாக்கப்பட்டது. மேற்பாலம் கூரையிலிருந்தும், கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்தும் தொங்கின. ஒரே கயிற்றில் இரு குடங்களைத் தனித்தனியே முடிவது வேறு. மேற்குடத்தின் கழுத்திலே கீழ்க்குடத்தைக் கட்டித் தொங்கவிடுவது வேறு அன்றோ? மேற்பாலத்தின் இணைப்புகள் இருமடங்கு பளுவை ஏற்க நேர்ந்தது. மாற்றம் படத்தில் ஏறியது, கணக்கில் ஏறவில்லை.

இத்தகைய பிளவைப் போக்க எழுந்ததே ‘பிம்’ எனச் சுருங்க வழங்கும் கட்டடத் தகவல் மாதிரி முறை. இதன் கருவை 1970-களிலேயே அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் வகுத்தார். சாதாரண வரைபடத்தில் தூண் என்பது சில கோடுகள் மட்டுமே. இம்முறையிலோ, கணிப்பொறிக்குள் இருக்கும் தூண் தன் உயரத்தையும், கான்கிரீட்டின் வலிமையையும், கம்பிகளின் பருமனையும் உடன் கொண்டிருக்கிறது. அதன் அகலத்தை ஓரிடத்தில் மாற்றினால், அம்மாதிரியிலிருந்து எடுக்கும் மேற்பார்வைப் படமும், வெட்டுத் தோற்றமும், பொருட்கணக்கும் அதற்கேற்ப மாறுகின்றன. உத்தரத்தை ஊடுருவிக் குழாய் சென்றால், அம்முட்டல் கட்டுவதற்கு முன்னரே வெளிப்பட்டுவிடும். கட்டியபின் உத்தரத்தைத் துளைத்து வலிமையைக் குறைக்கும் கேடு இதனால் தவிர்க்கப்படுகிறது.

புனே வாழ் தமிழர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. மகாராஷ்டிர மெட்ரோ ரயில் நிறுவனம் நாகபுரியிலும் புனேயிலும் இம்முறையை ஐந்து பரிமாணங்களில் கையாண்டது. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றோடு காலமும் செலவும் சேர்ந்து ஐந்தாயின. புனேயில் 2022 மார்ச் 6 அன்று முதல் வண்டிகள் ஓடின. சுவார்கேட் வரையிலான சுரங்கப் பகுதி 2024 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. மாவட்ட நீதிமன்ற நிலையத்தில் ஒரு பாதை தூண்களின்மேல் செல்ல, மற்றொன்று ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் செல்கிறது. அங்கிருந்து தென்புறம் செல்லும் சுரங்கம் முத்தா நதியின் அடியிலே போகின்றது. தூண், சுரங்கம், படிக்கட்டு, காற்றுவழி, மின்வழி யாவும் நெருங்கிக் கூடும் அத்தகைய இடத்தில், அனைவரும் ஒரே மூலத்தை நோக்கி வேலை செய்வதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மாதிரி தானே சிந்திப்பதில்லை. பிழையான எண்ணை இட்டால், அப்பிழையையே எல்லாப் படங்களுக்கும் ஒழுங்காகப் பரப்பும். கான்சஸ் நகரில் குறைவாயிருந்தது கருவி மட்டுமன்று. ‘இம்மாற்றத்தால் பளு எங்கே செல்கிறது?’ என்று கேட்டு விடை கணக்கிடும் பொறுப்புமாகும்.

மேலும், கம்பியைக் கட்டுவது இன்றும் மனிதனின் கைதான். பல மாநிலத்தார் கூடி உழைக்கும் வேலைத்தளத்தில், கணிப்பொறி அறிந்த செய்தி, மேஸ்திரிக்கும் கம்பி கட்டுபவருக்கும் அவர் அறிந்த மொழியில் எட்டவேண்டும். எட்டாதாயின் மீண்டும் இரண்டு கட்டடங்களே மிஞ்சும்: திரையில் ஒன்று, தரையில் ஒன்று. பொறியியல் பயிலும் நம் இளைஞர்கள் புதிய கருவியோடு, தாம் வாழும் மாநிலத்தின் மொழியையும் கற்பாராயின், அவ்விரண்டும் ஒன்றாகும். அதன்மேல் நடப்போரின் உயிரும் காக்கப்படும்.